மகஜர்

காக்கிச் சட்டை தைத்து வந்தபோது
தோள் இரண்டு விரல் இறங்கிக் கிடந்தது.
ஆம்பளை அளவு.
அடுத்த வருசம் சரிபண்ணிடலாம் என்றார்கள்.
அடுத்த வருசமும் நான் இருப்பேன் என்று
யாரோ நம்பியதே போதுமாயிருந்தது.

பதினோரு பேர் நாங்கள்.
எண்ணூர்க் கழியில் பறியைப் பல்லில் கடித்து
சேறு தடவி இறால் எடுத்தவர்கள் நாலு பேர்.
மீதிப்பேர் படகு விற்றவர்கள்,
கேட்டுக்கு வெளியே நின்றுபோன ஒப்பந்தக் கூலிகள்.
நேற்றைய கல்யாண வாழைமரம் அவிழ்க்காத
சமுதாயக் கூடத்தில் பயிற்சி.

ரேஞ்சர் அருமைக்கனி எங்கள் எல்லாருக்கும் இளையவள்.
திரையில் ஒரு பறவையை நிறுத்தி
இது என்ன என்றாள்.
உள்ளான் என்றோம்.
உள்ளானில் எத்தனை வகை?
ரெண்டு. கொழுத்தது, கொழுக்காதது.
பின்வரிசையிலிருந்து வந்த குரல்.
என் குரல்தான்.
அவள் சிரிக்கவில்லை,
நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பவளக்காலி, கருவால் மூக்கன், பட்டாணி உப்புக்கொத்தி.
என் குழம்புச்சட்டியில் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்.
பெயர் தெரிந்த பிறகு
ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.
அப்புறம் இறங்கியது.
பொய் சொல்வானேன்.

ஜிபிஎஸ் பிடிக்கக் கற்றோம்.
மகஜர் எழுதக் கற்றோம்:
இடம், நேரம், வத்தமா வெள்ளமா,
கைப்பற்றிய பொருள், சாட்சி இருவர்.
முழங்கால் புதையும் சாம்பல் சேற்றில்
சத்தமில்லாமல் நடப்பதை மட்டும்
நாங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தோம்.
குதிகாலை முதலில் வைக்காதே,
விரலால் கேள்.

தை மாசம், நிலா இல்லாத வத்தம்.
அலையாத்திக்குப் பின்னால் ஒரு கம்பு
நிற்கக்கூடாத இடத்தில் நின்றது.
டார்ச் அடிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.
அந்த முடிச்சை நான் அறிவேன்.
இடப்பக்கம் இரண்டு சுற்று, வலப்பக்கம் ஒன்று.
எங்கள் தெருவில் அப்படிக் கட்டுகிறவன் ஒருத்தன்தான்.

தேசிங்கு.
என் புருசனின் சித்தப்பா மகன்.
வலையில் ஒன்பது பவளக்காலி.
"நீயா அண்ணி?" என்றான்.
"நான்தான்" என்றேன்.
அதற்குமேல் பேச
இருவருக்கும் பயிற்சி இல்லை.

ஒவ்வொன்றாக விடுவித்தேன்.
எட்டு பறந்தது.
ஒன்பதாவது என் உள்ளங்கையில் சுட்டது,
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி.
கழுத்து துவளும்வரை
டார்ச்சை அணைத்துவிட்டு வைத்திருந்தேன்.

மகஜர் எழுதினேன்.
பிடிபட்டவர் தெரிந்தவரா?
ஆம்.
உறவா?
ஆம்.
பறவை இனம், எண்ணிக்கை, மதிப்பு.
அத்திப்பட்டுப் பக்கம் குழாய் உடைந்து
விடிய விடியச் சாம்பல் வழிந்துகொண்டிருந்தது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
தாளைத் திருப்பி
பின்பக்கம் எழுதினேன்.
அருமைக்கனி படித்தாள்,
அடிக்கவில்லை,
மேலே அனுப்பினாள்.
மேலே என்ன ஆனதோ.

மறுநாள் தண்ணி லாரி வந்தது.
தேசிங்கின் பெண்சாதி அஞ்சலாட்சி
என் குடத்தைக் காலால் தள்ளினாள்.
அபராதம் கட்ட அவள் அடகு வைத்தது
என் கல்யாணத்தில் போட்டு வந்த கம்மல்.
குடம் உருண்டு சாக்கடை ஓரம் நின்றது.
எடுத்துக்கொண்டு
வரிசைக் கடைசிக்குப் போனேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
எனக்காகவும், அவளுக்காகவும்.

பங்குனியில் ஒரு சாயங்காலம்
பாலத்தடியில் நின்றிருந்தான் தேசிங்கு.
என் சட்டையைப் பார்க்காமல்
தண்ணியைப் பார்த்துக் கேட்டான்:
"அந்த வேலைக்கு
இன்னும் ஆள் எடுக்கிறாங்களா?"

தூரத்தில் மண்திட்டில் ஒரு கூட்டம்
ஒற்றைக்காலில் நின்றிருந்தது.
"அது என்ன சொல்லு" என்றேன்.
"உள்ளான்" என்றான்.

"சம்பளம் மூணு மாசம் தள்ளித்தான் வரும்"
என்றேன்.
அவன் போகவில்லை.